விதி மாறாத விந்தைகள்

உலகைச் சுற்றிப் பார்க்க விரும்புவோர் நெடுங்காலமாகவே அரண்மனைகளையும் ஆலயங்களையும் கடற்கரைகளையும் நாடிச் செல்கின்றனர் என்றாலும், எந்த வகைக்குள்ளும் எளிதில் அடங்காத சில இடங்கள், காண்போரை முதலில் திகைக்க வைத்துப் பின்னர் சிந்திக்கத் தூண்டுவதால் தனிச்சிறப்புப் பெறுகின்றன. யாரும் தொடாமலே நகரும் கற்கள், உளி படாமலே அறுகோணமாக எழுந்து நிற்கும் தூண்கள், வானத்தைத் தரையில் காட்டும் உப்புவெளி, மண்ணுக்கடியில் குடையப்பட்ட நகரம், உயிருள்ள வேர்களால் ஆன பாலம் ஆகியவை அத்தகையவை. இவற்றை இயற்கை தன் நியதியை மீறிய இடங்களாகக் கருதும் வழக்கம் உண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. நீர் உறைவதும், பாறை குளிர்ந்து சுருங்குவதும், உப்பு படிவதும், வேர் தடிப்பதும் எங்கும் நடப்பவையே. வேண்டிய சூழ்நிலைகள் அனைத்தும் ஒருங்கே கூடிவந்த சில இடங்களில் மட்டும் அவை இவ்வளவு தெளிவாக வெளிப்படுகின்றன. அந்தச் சூழ்நிலைகளை அறிந்து செல்லும் பயணிக்கே காட்சி முழுமையாகப் புலப்படும். அதைக் கெடுக்காமல் திரும்ப வேண்டும் என்ற பொறுப்பும் அந்த அறிவிலிருந்தே பிறக்கும்.

தாமே நகரும் கற்கள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், டெத் வேலி தேசியப் பூங்காவுக்குள், கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் ரேஸ்டிராக் பிளாயா அமைந்துள்ளது. பிளாயா என்பது, மழைக்குப் பின் சிறிது காலம் ஆழமற்ற நீர் தேங்கி, பிறகு முற்றிலும் காய்ந்துவிடும் சமதளமான ஏரிப்படுகையாகும். ஏறத்தாழ நான்கரை கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் களிமண் வெளியில், ஓரத்துக் குன்றுகளிலிருந்து உருண்டு விழுந்த கற்கள், பின்னர் எங்கோ நடுவெளியில், வெடித்துக் காய்ந்த தரையின் மீது நீண்ட தடம் ஒன்றைத் தமக்குப் பின்னால் விட்டு நிற்கின்றன. கையில் எடுக்கத்தக்க சிறு கற்களும், 300 கிலோகிராமை எட்டும் பெருங்கற்களும் அவற்றுள் உண்டு. சில தடங்கள் நேராகச் செல்கின்றன; சில வளைந்து திரும்புகின்றன; அருகருகே கிடந்த இரு கற்கள் ஒரே இடத்தில் ஒரே கோணத்தில் திரும்பியிருப்பதும் காணப்படுகிறது.

1940-களிலிருந்தே புவியியலாளர்கள் இதை ஆராய்ந்து, கடும் புயற்காற்று, வழுக்கும் சேறு, தடித்த பனிக்கட்டி எனப் பல விளக்கங்களை முன்வைத்தனர் எனினும், கல் நகர்வதை எவரும் நேரில் கண்டதில்லை. ரிச்சர்டு நாரிஸ், ஜேம்ஸ் நாரிஸ் என்னும் ஆய்வாளர்களும் அவர்களுடைய குழுவினரும், இருப்பிடத்தைத் துல்லியமாகப் பதிவு செய்யும் ஜி.பி.எஸ். கருவிகள் பொருத்திய 15 கற்களை வெளியிலிருந்து கொண்டுவந்து அங்கே வைத்துக் காத்திருந்தனர். 2013 டிசம்பரில் அந்த நகர்வை நேரில் கண்டு, 2014-இல் அதன் காரணத்தை வெளியிட்டனர். படுகையில் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்க வேண்டும். அது இரவில் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள பனித்தகடாக உறைய வேண்டும். மறுநாள் வெயிலில் தகடு அகன்ற துண்டுகளாக உடைந்து மிதக்க வேண்டும். அப்போது மெல்லிய காற்று வீசினாலே போதும், பல மீட்டர் அகலமுள்ள தகடுகள் கற்களை அணைத்துத் தள்ள, அவை நிமிடத்துக்கு 2 முதல் 5 மீட்டர் வேகத்தில் ஈரச்சேற்றின் மீது வழுக்கிச் செல்கின்றன. நீர் கூடினால் கல் மூழ்கிவிடும், குறைந்தால் தகடு மிதக்காது, குளிர் தவறினால் தகடே உருவாகாது என்பதால்தான், நகர்வு பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே நிகழ்கிறது. ஈரம் காயாத நாளில் ஒருவர் அங்கே நடந்தால், அவருடைய காலடித் தடமும் கல்லின் தடத்தைப் போலவே ஆண்டுக்கணக்கில் அழியாமல் நிற்கும்.

அறுகோணம் தரும் இரு வழிகள்

வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கடற்கரையில் உள்ள ஜயன்ட்ஸ் காஸ்வே, ஏறத்தாழ 40,000 கல்தூண்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டதுபோல் நின்று, படிப்படியாகக் கடலுக்குள் இறங்கும் இடமாகும். ஸ்காட்லாந்து அரக்கனுடன் போரிடுவதற்காக ஃபின் மெக்கூல் என்னும் அரக்கன் கடலின் குறுக்கே அமைத்த பாதை இது என்று அப்பகுதி மக்களின் பழங்கதை கூறுகிறது. கடலுக்கு அப்பால் ஸ்காட்லாந்தின் ஸ்டாஃபா தீவிலும் இதே வகைத் தூண்கள் இருப்பது அக்கதைக்கு வலுச் சேர்த்தது. உண்மையில், 5 முதல் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வெளிப்பட்ட பசால்ட் எரிமலைக்குழம்பு, அதாவது இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கருநிறக் குழம்பு, மேற்பரப்பிலிருந்து மெல்லக் குளிர்ந்தபோது சுருங்கியது. வற்றிய குளத்தின் சேறு வெடிப்பதைப் போலவே அதுவும் வெடித்தது. ஆனால் குளிர்ச்சி சீராகக் கீழிறங்கியதால், வெடிப்புகள் இழுவிசையை மிகச் சிக்கனமாகத் தணிக்கும் ஏறக்குறைய 120 பாகைக் கோணத்தில் சந்தித்து, அறுகோணங்களாகி, அப்படியே ஆழத்துக்குச் சென்று தூண்களாயின. ஐந்து பக்கமும் ஏழு பக்கமும் உடைய தூண்கள் இடையிடையே காணப்படுவது, இது வரைபடத்தின்படி செய்யப்பட்டதன்று என்பதைக் காட்டுகிறது.

தென் அமெரிக்காவின் பொலிவியாவில் உள்ள சலார் டி உயூனி உப்புவெளியிலும் வறண்ட மாதங்களில் அறுகோணங்கள் தென்படுகின்றன என்றாலும், அவை பிறந்த விதம் வேறு. கடல்மட்டத்திலிருந்து 3,650 மீட்டருக்கு மேல், 10,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் பரந்துள்ள இது, பழங்காலப் பேரேரிகள் வற்றியதால் எஞ்சிய உலகின் மிகப்பெரிய உப்புவெளியாகும். இத்தகைய வெளிகளில், மேலோட்டுக்குக் கீழே மண்ணில் தேங்கியுள்ள உவர்நீர் ஆவியாகும்போது மேற்புற நீரில் உப்பு மிகுந்து கனம் கூட, அது கீழிறங்குகிறது. உப்புக் குறைந்த நீர் அதன் இடத்துக்கு மேலேறுகிறது. தேனடையின் அமைப்பில் பிரிந்து நடக்கும் இந்தச் சுழற்சியின் எல்லைகளில் உப்பு கூடுதலாகப் படிந்து வரப்புகளாக உயர்வதை 2023-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று விளக்கியது. டிசம்பர் முதல் பெய்யும் மழையில் இந்தத் தரையின் மீது மெல்லிய நீர்ப்படலம் பரவும்போது, முழு வெளியும் மேகங்களைப் பிரதிபலிக்கும் கண்ணாடியாகிறது. தரையின் ஏற்றத்தாழ்வு மிகமிகக் குறைவாக இருப்பதால், பூமியின் மேற்பரப்பு உயரத்தை அளக்கும் செயற்கைக்கோள்களின் கருவிகளைச் சரிபார்க்கவும் அறிவியலாளர்கள் இதைப் பயன்படுத்துகின்றனர்.

பாறைக்குள் வாழ்வு

மனிதர் உருவாக்கிய விந்தைகளிலும் இதே உண்மை தொடர்கிறது. பொருளின் தன்மையை அறிந்து, அதற்கு இசைந்து உழைத்த இடங்களே காலத்தை வென்று நிற்கின்றன. துருக்கியின் கப்படோசியா பகுதியில் பண்டைய எரிமலைகள் கொட்டிய சாம்பல் இறுகி டஃப் என்னும் மென்பாறையானது. எளிய கருவிகளால் குடைய முடிந்த அப்பாறை, காற்றுப் பட்டபின் இறுகும் இயல்புடையது என்பதைக் கண்டுகொண்ட மக்கள், வீடுகளையும் தேவாலயங்களையும் மட்டுமன்றி, நிலத்தடி நகரங்களையே அதில் குடைந்தனர். அவற்றுள் தெரிங்குயு ஏறத்தாழ 85 மீட்டர் ஆழம் வரை செல்கிறது. தொழுவங்கள், தானியக் கிடங்குகள், திராட்சைச் சாறு பிழியும் தொட்டிகள், வழிபாட்டுக் கூடங்கள், கிணறுகள், அடிமட்டம் வரை காற்றைக் கொண்டுசேர்க்கும் செங்குத்துத் துளைகள் ஆகியவை உள்ளே உள்ளன; படையெடுப்பின்போது உள்ளிருந்து மட்டுமே உருட்டி மூடக்கூடிய வட்டக் கற்கதவுகள் குறுகலான வழிகளைக் காத்தன. 1963-இல் ஒருவர் தம் வீட்டைப் புதுப்பிக்கும்போது சுவருக்குப் பின்னால் வழி ஒன்று தென்பட்டதே இந்நகரம் மீண்டும் வெளியுலகுக்குத் தெரியவரக் காரணமாயிற்று.

போலந்தின் கிராக்கோவ் நகருக்கு அருகிலுள்ள வியெலிச்கா உப்புச் சுரங்கம் தொழிலும் கலையும் ஒன்றிய இடம். 13-ஆம் நூற்றாண்டு முதல் பாறை உப்பு வெட்டப்பட்ட இச்சுரங்கம் 327 மீட்டர் ஆழத்தையும், 240 கிலோமீட்டருக்கும் அதிகமான நிலத்தடி வழிகளையும் கொண்டது. அங்கு உழைத்தவர்களின் வாழ்வு எளிதானதன்று. எரியக்கூடிய மீத்தேன் வாயு காற்றைவிட இலேசானது என்பதால் கூரையோரம் தேங்கி வெடிக்கும் ஆபத்து இருந்தது. அது பெருகும் முன்பே எரித்துவிடுவதற்காக, நனைத்த உடையணிந்த தொழிலாளர்கள் நீண்ட கழியின் நுனியில் தீப்பந்தத்தைக் கட்டி, தரையோடு தரையாக ஊர்ந்து முன்சென்றனர். இத்தகைய இருளில் உழைத்தவர்களே, 101 மீட்டர் ஆழத்தில் புனித கிங்காவின் வழிபாட்டுக் கூடத்தைச் செதுக்கத் தொடங்கினர். 1896-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நீடித்த அப்பணியில் தரை, பலிபீடம், சிலைகள், இயேசுவின் கடைசி இராவுணவைக் காட்டும் சுவர்ப் புடைப்புச் சிற்பம் ஆகிய அனைத்தும் உப்பிலேயே உருவாயின. சரவிளக்குகளில் தொங்கும் மணிகளும் உப்புப் படிகங்களே. உப்புக்கு ஈரமே பகை என்பதால், காற்றின் ஈரப்பதம் சிற்பங்களை அரிக்கத் தொடங்கியபோது, யுனெஸ்கோ 1989-இல் இவ்விடத்தை ஆபத்திலுள்ள மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது; ஈரத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகள் செய்யப்பட்ட பின், 1998-இல் அப்பட்டியலிலிருந்து இது நீங்கியது.

வளரும் பாலமும் எரியும் பள்ளமும்

மேகாலயாவின் தென்சரிவுகள், ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறும் மௌசின்ராம், சிரபுஞ்சி ஆகிய ஊர்கள் அமைந்த பகுதி. அங்கே ஓடைகளின் குறுக்கே போடப்படும் மூங்கில் பாலங்கள் சில ஆண்டுகளிலேயே உளுத்துப்போகும். காசி, ஜைந்தியா மக்கள் இதற்குக் கண்ட தீர்வு, ஆல், அத்தி இனத்தைச் சேர்ந்த இந்திய ரப்பர் மரத்தின் விழுதுகளாகும். தோட்டங்களில் பால் எடுக்கப்படும் ரப்பர் மரம் வேறு, இது வேறு. இளம் விழுதுகளை மூங்கில் சாரத்தின் மீதோ, பிளந்து குடைந்த கமுகுத் தண்டுகளின் வழியாகவோ எதிர்க்கரை வரை நடத்திச்சென்று மண்ணில் இறக்கினால், அவை அங்கே ஊன்றித் தடித்து, ஒன்றோடொன்று உரசும் இடங்களில் திசுக்கள் இணைந்து ஒரே உடலாகின்றன. கைப்பிடியாக வேண்டிய வேரும், நடைதளமாக வேண்டிய வேரும் தனித்தனியே பின்னப்பட்டு, இடைவெளிகளில் கற்களும் மண்ணும் நிரப்பப்படுகின்றன. ஆள் நடக்கும் உறுதியை அடைய நெடுங்காலம் பிடிப்பதால், தொடங்கியவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே பணியைத் தொடர வேண்டியிருக்கிறது. பிற பாலங்கள் ஆண்டுதோறும் வலுவிழக்க, மரம் நலமாக இருக்கும்வரை இப்பாலம் ஆண்டுதோறும் வலுப்பெறுகிறது. 50 மீட்டரைத் தாண்டும் பாலங்களும், நோங்ரியாட் சிற்றூரில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரட்டைப் பாலமும் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

நிலத்தின் இயல்பை அறியாமல் கைவைத்தால் நேர்வது என்ன என்பதற்குத் துர்க்மெனிஸ்தானின் காராகும் பாலைவனத்திலுள்ள தர்வாசா பள்ளம் சான்றாகிறது. சோவியத் காலத்தில் இயற்கை எரிவாயுவைத் தேடித் துளையிட்ட இடத்தில் நிலம் உள்வாங்கி, ஏறத்தாழ 70 மீட்டர் அகலமுள்ள பள்ளம் உருவாகி, கசிந்த வாயு தீப்பற்றிப் பல பத்தாண்டுகளாக எரிந்துகொண்டிருக்கிறது. இரவில் தொலைவிலிருந்தே தெரிந்த அதன் ஒளி பயணிகளை ஈர்த்துவந்தபோதிலும், வீணாகும் வளத்தையும் சுற்றுச்சூழல் கேட்டையும் கருதி, அதை அணைக்க வழிகாணுமாறு அந்நாட்டு அதிபர் 2022-இல் ஆணையிட்டார்.

பயணியின் கடமை

இவ்விடங்களுக்குச் செல்ல விரும்புவோர் பருவத்தை முதலில் கவனிக்க வேண்டும். உயூனியில் மழைக்காலம் கண்ணாடிக் காட்சியையும் வறண்ட காலம் அறுகோணங்களையும் தரும், மேகாலயாவில் கடும் மழைக்காலத்தில் பாலங்களுக்கு இறங்கும் படிக்கட்டுகள் வழுக்கும், ரேஸ்டிராக்கில் ஈரம் இருக்கும்போது படுகையில் கால்வைக்கவே கூடாது. உயூனியின் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், உடல் பழகுவதற்கு ஓரிரு நாள் ஒதுக்குவதும் அவசியம். அதற்கும் மேலானது, காட்சியைத் தாங்கி நிற்கும் சூழ்நிலையைக் காப்பது. ஜயன்ட்ஸ் காஸ்வேயில் நினைவுக்காகவும் நற்பேறு வேண்டியும் பயணிகள் தூண்களின் இடுக்குகளில் நாணயங்களைச் செருகுகின்றனர். அந்த உலோகம் துருவேறி விரிவடைந்து கல்லைப் பெயர்ப்பதோடு கறையும் படியச் செய்வதால், அப்பழக்கத்தைக் கைவிடுமாறு அதைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 2025-இல் வேண்டுகோள் விடுத்தது. செருகியவர்களில் எவரும் தீங்கு நினைத்தவர் அல்லர். கல் எப்படிப் பிளக்கும் என்பதை அறியாதவர்கள், அவ்வளவே. பயணச்சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் ஏற்பாடு செய்யும் கவனத்தில் சிறு பகுதியை, செல்லும் இடம் எவ்வாறு உருவானது, எதனால் நிலைத்திருக்கிறது என்று படித்தறிவதற்கு ஒவ்வொருவரும் ஒதுக்கினால், காண்பவரின் வியப்பும் பெருகும், காணப்படும் இடமும் அடுத்த தலைமுறைக்கு அப்படியே போய்ச்சேரும்.