உங்களுக்குத் தெரியுமா? வலசைக் காலமும் வயற்கொசுவும்

திருவாரூர் மாவட்டத்தின் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகளுக்கு (2022இல் ராம்சர் தலங்களாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை) வலசைப் பறவைகள் வரத் தொடங்கும் காலமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையும், சம்பா வயல்களில் நீர் தேங்கி நிற்கும் நாள்களும் ஒன்றாகவே அமைவதால், பறவை காணச் செல்வோர் மழையையும் கொசுவையும் சேர்த்தே எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

நெல்வயல் நீரில் பெருகும் ‘கியூலெக்ஸ் டிரைடேனியோரிங்கஸ்’ என்னும் கொசு பெரும்பாலும் கால்நடைகளையே கடிப்பதெனினும், மனிதருக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்னும் கொடிய வைரஸ் நோயைப் பரப்பவும் வல்லது. அந்தி சாய்ந்த பின்னரே அது மிகுதியாகக் கடிக்கும் என்பதால், இருட்டுமுன் ஏரிக்கரையை விட்டு அகல்வதே முதற்காப்பு ஆகும். தங்க நேர்ந்தால் முழுக்கைச் சட்டை, ‘டீட்’ கலந்த பூச்சிவிரட்டிக் களிம்பு, கொசுவலை ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. உழவர்கள் மாலையில் தொழுவத்தில் இடும் நொச்சித்தழை மூட்டம், மாடுகளின் துயரறிந்து உருவான, போற்றத்தக்க வழக்கம்.

காற்றும் ஓரளவு காப்பாகும்: ஸ்காட்லாந்து மேட்டுநிலங்களில் கூட்டமாய்க் கடிக்கும் ‘மிட்ஜ்’ என்னும் நுண்ணிய ஈ, காற்று சற்று வலுத்தாலே பறக்க இயலாது என்பதால், அங்குள்ள நடைபயணிகள் காற்றோட்டமான மேடுகளிலேயே கூடாரமடிக்க விரும்புவர். ஏரிக்கரைக் காற்றும் கொசுவை அவ்வாறே தடுமாறச் செய்யுமாயினும், மழை ஓய்ந்த புழுக்கமான மாலைகளில் அக்காற்றை நம்பியிருக்க இயலாது.