தேய்வது மூட்டா, தசையா?

முதுமையில் முழங்கால், இடுப்பு, கைவிரல் ஆகியவற்றில் தோன்றி நெடுநாள் நீடிக்கும் வலிக்கு மிகப் பரவலான காரணமாக இருப்பது, ‘ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ்’ என மருத்துவர்கள் அழைக்கும் மூட்டுத் தேய்மான நோயாகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 52.8 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களில் 73 விழுக்காட்டினர் 55 வயதைக் கடந்தவர்கள், 60 விழுக்காட்டினர் பெண்கள். மூட்டுகளுள் மிகுதியாகத் தாக்குண்பது முழங்கால். ‘தேய்மானம்’ என்னும் சொல்லோ நோயைப் பற்றிய ஒரு முடிவையும் தன்னுடன் சேர்த்தே கொண்டுவந்துவிடுகிறது: வண்டியின் அச்சு ஓட ஓடத் தேய்வதுபோல மூட்டும் நடக்க நடக்கத் தேய்கிறது, ஆகவே நடையைக் குறைத்தால் எஞ்சியிருப்பதையாவது காப்பாற்றலாம் என்று நோயாளியும் குடும்பத்தாரும் எண்ணிக்கொள்கின்றனர். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இந்த எண்ணம், மூட்டின் இயல்போடும் அண்மைக் காலத்து ஆய்வுகளோடும் ஒத்துப்போவதில்லை.

அச்சு அல்ல, உயிருள்ள திசு

எலும்புகள் ஒன்றோடொன்று உராயாதபடி அவற்றின் முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான பொருள் குருத்தெலும்பு எனப்படும். அதன் எடையில் பெரும்பகுதி நீர். எஞ்சியது கொலாஜன் என்னும் புரத இழைகளாலும், நீரைப் பிடித்துவைக்கும் வேறு சில மூலக்கூறுகளாலும் ஆனது. வளர்ந்த மனிதரின் குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை என்பதால், அதனுள் வாழும் செல்கள் தமக்கு வேண்டிய ஊட்டத்தை மூட்டுக்குள் ஊறும் திரவத்திலிருந்தே பெற வேண்டியிருக்கிறது. அடியெடுத்து வைக்கும்போது குருத்தெலும்பு அமுங்கி நீர் வெளியேறுவதும், காலைத் தூக்கும்போது அது விரிந்து நீர் உள்ளே புகுவதும் இந்தப் போக்குவரத்துக்குத் துணைசெய்கின்றன. எனவே அசைவு மூட்டை அரிக்கும் செயல் மட்டுமன்று, அதற்கு உணவூட்டும் செயலுமாகும். நெடுங்காலம் சுமையே ஏறாத மூட்டில் குருத்தெலும்பு மெலிந்துபோகிறது.

குருத்தெலும்பில் நரம்புகளும் இல்லை. ஆகையால் வலி அதிலிருந்து நேராக எழுவதில்லை. அதன் அடியிலுள்ள எலும்பு, மூட்டின் உட்படலம், மூட்டைச் சூழ்ந்த உறை, தசைநாண்கள் ஆகியவற்றிலிருந்தே எழுகிறது. எக்ஸ்ரே படத்தில் தெரியும் தேய்மானத்தின் அளவும் நோயாளி உணரும் வலியின் அளவும் அடிக்கடி முரண்படுவதற்கு இது ஒரு காரணம். படத்தில் எலும்பு இடைவெளி மிகவும் குறுகியிருந்தும் தடையின்றி நடமாடுவோர் உண்டு. படத்தில் பெரிய மாற்றம் ஏதுமின்றியே கடும் வலியால் அவதியுறுவோரும் உண்டு.

வலி என்னும் செய்தி

திசுவைக் குலைக்கக்கூடிய அழுத்தம், வெப்பம், வேதிப்பொருள் ஆகியவற்றை நரம்பு முனைகள் கண்டறிவதற்கு ‘நோசிசெப்ஷன்’, அதாவது தீங்குணர்தல் என்னும் பெயரை ஆங்கிலேய உடலியங்கியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் 1906இல் வழங்கினார். தீங்குணர்தல் வேறு, வலி வேறு. முன்னது நரம்பில் ஓடும் செய்தி. பின்னது அச்செய்தியை மூளை எடைபோட்டுத் தரும் அனுபவம். ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் 1965இல் வெளியிட்ட ‘வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு’, தண்டுவடத்தில் ஒரு வாயில்போன்ற அமைப்பு இருப்பதாகவும், மேலே செல்லும் வலிச் செய்தியை அது கூட்டவோ குறைக்கவோ செய்வதாகவும் விளக்கியது. அக்கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னாளில் திருத்தப்பட்டாலும், வலிச் செய்தி வழியிலேயே மாற்றப்படுகிறது என்னும் அதன் மையக் கருத்து நிலைத்துவிட்டது; இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி சற்றுத் தணிவதும் இவ்வாறே விளக்கப்படுகிறது.

மாதக்கணக்கில் வலி நீடிக்கும்போது நரம்பு மண்டலத்தின் உணர்திறன் மிகுந்து, முன்னர் பொருட்படுத்தப்படாத சிறு அழுத்தமும் வலியாக உணரப்படும் நிலை சிலரிடம் உண்டாகிறது. உறக்கக் குறைவும் மனச்சோர்வும், ‘நடந்தால் மூட்டு கெட்டுவிடும்’ என்ற அச்சமும் அந்நிலையை வளர்க்கின்றன. மாறாக, உடற்பயிற்சியின்போதும் அதற்குப் பின் சிறிது நேரமும் வலியுணர்வு குறைவதைப் பலரிடம் காண முடிகிறது. ஆகவே நெடுநாள் வலியின் மிகுதியை மட்டும் வைத்து மூட்டின் சேதத்தை அளந்துவிட இயலாது.

ஓய்வின் விலை

வலிக்கு அஞ்சி ஒதுங்கும் உடலில் முதலில் குறைவது தசை. வயது ஏற ஏறத் தசையின் அளவும் வலிமையும் குறைவதற்கு ‘சார்கோபீனியா’ என்னும் பெயரை அமெரிக்க மருத்துவ அறிஞர் இர்வின் ரோசன்பர்க் 1989இல் முன்மொழிந்தார். இயல்பாக மெல்ல நிகழும் இக்குறைவைப் படுக்கை பல மடங்கு விரைவுபடுத்துகிறது: சராசரியாக 67 வயதுடைய நலமான சிலரைப் பத்தே நாள் படுக்கையில் வைத்து ஆராய்ந்து 2007இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வொன்றில், அவர்கள் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசைத் திசுவையும், முழங்காலை நீட்டும் வலிமையில் சுமார் 16 விழுக்காட்டையும் இழந்திருந்தனர். அடியெடுத்து வைக்கும்போது ஏற்படும் அதிர்வின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்வது தொடையின் முன்புறத் தசை என்பதால், அது மெலியும்போது சுமை மூட்டின் மீது விழுகிறது, வலி கூடுகிறது, கூடிய வலி மேலும் ஓய்வைக் கேட்கிறது. மூட்டைக் காப்பதற்காக எடுத்துக்கொண்ட ஓய்வே இவ்வாறு மூட்டின் காவலைக் குலைத்துவிடுகிறது.

இச்சுழற்சியை எந்த வயதிலும் திருப்ப முடியும் என்பதற்கு மரியா ஃபியாட்டரோன் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வு சான்றாகும். முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, 86 முதல் 96 வயது வரையிலான, உடல் நலிந்த பத்துப் பேருக்கு அவர்கள் எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி அளித்தனர். பயிற்சியை நிறைவுசெய்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. மிகச் சிறிய ஆய்வு எனினும், நூறு பேரைக் கொண்டு 1994இல் அதே குழு வெளியிட்ட பெரிய ஆய்வும் அதே திசையையே காட்டியது.

பயிற்சியே மருந்தாகும்போது

முழங்கால் தேய்மானமுள்ள, 60 வயது கடந்த 439 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து 18 மாதம் தொடர்ந்த அமெரிக்க ஆய்வின் முடிவு 1997இல் வெளியானது. நலவாழ்வுக் கல்வி மட்டும் பெற்றவர்களைவிட, நடைப்பயிற்சி செய்த குழுவினருக்கும் தசை வலுவூட்டும் பயிற்சி செய்த குழுவினருக்கும் வலியும் இயலாமையும் குறைந்திருந்தன. மெல்லிய அசைவுகளைக் கொண்ட ‘தாய் சீ’ என்னும் சீனப் பயிற்சி, முழங்கால் வலிக்கு வழக்கமான இயன்முறை மருத்துவத்துக்கு நிகரான பயனைத் தருவதாக 204 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வு கூறியது. டென்மார்க்கில் 2013இல் தொடங்கப்பட்ட ‘கிளாட்’ திட்டம், நோயை விளக்கும் சில வகுப்புகளையும் இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் பன்னிரண்டு பயிற்சி அமர்வுகளையும் இணைத்து, பின்னர் வேறு நாடுகளுக்கும் பரவியது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான ‘நைஸ்’, 2022இல் வெளியிட்ட நெறிமுறையில், மூட்டுத் தேய்மானமுள்ள அனைவருக்கும் அவரவர் தேவைக்கேற்ற பயிற்சியைப் பரிந்துரைத்ததுடன், தொடக்கத்தில் வலி சற்றுக் கூடலாம் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

பயிற்சியின் பயனை மிகைப்படுத்தவும் கூடாது. அது தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்ப்பதில்லை. வலியை முற்றிலும் நீக்காமல் மிதமாகவே குறைக்கிறது. நிறுத்திவிட்டால் பயனும் படிப்படியாக மறைந்துவிடுகிறது. அதற்கு மாற்றாகக் கருதப்பட்ட சில சிகிச்சைகளின் நிலையோ இதனினும் தாழ்ந்தது. தேய்ந்த முழங்காலுக்குள் நுண்குழாய் செலுத்திக் கழுவிச் சுரண்டும் அறுவை சிகிச்சையை, தோலில் கீறல் மட்டும் இட்ட போலி அறுவையுடன் 180 பேரிடம் ஒப்பிட்டு 2002இல் வெளியான ஹூஸ்டன் ஆய்வு, இரண்டுக்கும் இடையே வலிக் குறைவில் வேறுபாடு காணவில்லை.

அளவு காணும் முறை

மருந்துக்கு அளவு இருப்பதுபோலப் பயிற்சிக்கும் அளவு உண்டு. அந்த அளவைக் காண வலியே கருவியாகிறது. ஸ்வீடன் நாட்டு இயன்முறை மருத்துவர் ரோலண்ட் தொமே, முழங்கால் சில்லைச் சுற்றிய வலிக்காக 1997இல் விளக்கிய முறை இன்று பிற மூட்டுகளுக்கும் தழுவிக்கொள்ளப்படுகிறது. வலியே இல்லாத நிலையைச் சுழியம் என்றும், தாங்கவே முடியாத வலியைப் பத்து என்றும் கொண்டால், பயிற்சியின்போது இரண்டு வரை எழும் வலி பாதுகாப்பானது, ஐந்து வரை ஏற்கத்தக்கது, அதற்கு மேற்பட்டது தவிர்க்கத்தக்கது. கூடிய வலி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அளவு சரியானது. திரும்பாவிட்டால் அடுத்த முறை தூரத்தையோ எடையையோ எண்ணிக்கையையோ குறைக்க வேண்டுமேயன்றி, பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. வலி குறைந்த நாளில் தேங்கிய வேலைகளை எல்லாம் ஒரே மூச்சில் முடித்து, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பதைவிட, நல்ல நாளிலும் மோசமான நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவைக் கடைப்பிடிப்பதே உடலைத் தேற்றும்.

பழகாத பயிற்சிக்குப் பின் ஓரிரு நாளில் உச்சமடைந்து, சில நாளில் தானே மறையும் தசைவலி இதிலிருந்து வேறுபட்டது. லாக்டிக் அமிலத் தேக்கத்தால் அது உண்டாவதாகப் பரவலாக நம்பப்பட்டாலும், அவ்வமிலம் பயிற்சி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நீங்கிவிடுகிறது; படியிறங்குதல் போன்ற, தசை நீண்டபடியே சுமையைத் தாங்கும் செயல்களில் தசையிழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதைச் சீராக்கும் பணியுமே அவ்வலிக்குக் காரணம்.

65 வயது கடந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரு நாளேனும் தசை வலுவூட்டலும், மூன்று நாளேனும் சமநிலைப் பயிற்சியும் மேற்கொள்ள வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. இயலாதோர் தம்மால் முடிந்த அளவில் தொடங்கினாலும் பயனுண்டு என்றும் அது கூறுகிறது. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது, தாழ்ந்த படியொன்றில் ஏறி இறங்குவது, சமதளத்தில் நடப்பது ஆகிய மூன்றுக்கும் தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் ஊன்றுகோலைப் பிடித்தால் மூட்டின் சுமை குறையும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதாக 2005இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது.

மாத்திரையும் எச்சரிக்கையும்

ஐபுப்ரோஃபென், டைக்குளோஃபினாக் போன்ற மருந்துகள், வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்களின் உற்பத்தியைத் தடுக்கின்றன. அப்பொருள்களே இரைப்பையின் உட்சுவரையும் சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தையும் காப்பவை என்பதால், முதியவர் ஒருவர் கடையில் தானாக வாங்கி நாள்தோறும் விழுங்கும் மாத்திரை குடற்புண், சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்த உயர்வு ஆகியவற்றில் கொண்டுபோய் விடக்கூடும். முழங்கால் போன்ற, தோலுக்கு அண்மையிலுள்ள மூட்டுக்கு முதலில் தேர்ந்தெடுக்கத்தக்கது மேலே தடவும் களிம்பு வடிவமே.

மேலே கூறிய அளவுமுறை எல்லா வலிக்கும் பொருந்தாது. மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் சேர்தல், விழுந்த பின் காலை ஊன்ற இயலாமை, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடித்தல், காரணமின்றி எடை குறைதல், ஓய்விலும் இரவிலும் விடாத வலி ஆகியவை மருத்துவரிடம் காட்டப்பட வேண்டியவை. நடக்கும்போது நெஞ்சில் தோன்றும் வலியும், முதுகுவலியோடு சிறுநீர்க் கட்டுப்பாடு தளர்வதும் சற்றும் காலந்தாழ்த்தலாகாத அறிகுறிகள். இவை நீங்கலாக, முதுமையில் நாள்தோறும் வந்துபோகும் மூட்டுவலியில் வினவ வேண்டியது நடக்கலாமா என்பதன்று, இன்று எவ்வளவு நடக்கலாம் என்பதே. அதற்குரிய விடையை மறுநாள் காலையில் மூட்டே சொல்லிவிடும்.