விளிம்பில் எழுதப்பட்ட பெயர்

அருங்காட்சியகங்களின் இருப்புப் பதிவேடுகளில் ‘பழைய இராணுவப் பதக்கம், ஒன்று’ என்றோ ‘பட்டாளத்துச் சட்டை, கிழிந்தது’ என்றோ ஒற்றை வரியில் ஏறி, அதன்பின் பல்லாண்டுக் காலம் பெட்டியை விட்டு வெளியே வராத பொருள்கள் உண்டு. காசுக்கும் செப்பேட்டுக்கும் செப்புத் திருமேனிக்கும் கிடைத்த ஆய்வாளர் கவனம் இவற்றுக்குக் கிடைத்ததில்லை; அந்நிய ஆட்சி அணிவித்த அலங்காரம்தானே என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆயினும், சென்னை மாகாணத்துச் சிற்றூர்களிலிருந்து பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்கும் சீனாவுக்கும் மெசபடோமியாவுக்கும் கப்பலேறிய எளிய மனிதர்களுக்குக் கல்வெட்டும் இல்லை, செப்பேடும் இல்லை. அவர்களுள் பலருடைய பெயர் அவர்கள் வாழ்ந்த காலத்திலேயே உலோகத்தில் ஏறியது இந்தப் பதக்கங்களின் விளிம்பில்தான். ஆகவே, பெயர் தெரியாத ஒரு பதக்கத்தை அடையாளம் காண்பது என்பது, இந்த நிலத்தில், பெரும்பாலும் ஓர் ஏழை மனிதரைத் தேடிக் கண்டடைகிற வேலையாகும்.

இராணுவப் பதக்கங்களை இரு பெரும் வகைகளாகப் பிரிக்கலாம். தனியொருவரின் வீரச்செயலுக்காகத் தரப்படுவது வீரப்பதக்கம். குறிப்பிட்ட ஒரு போரில் பணியாற்றிய அனைவருக்கும் தரப்படுவது போர்ப்பணிப் பதக்கம். கிடைப்பவற்றுள் மிகுதியானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் முகப்பில் அரசரின் தலையுருவமும், பின்புறத்தில் போரைக் குறிக்கும் உருவகக் காட்சியும் இருக்கும். மேலே நாடாவைக் கோக்கும் கொக்கியும், அந்த நாடாவின் மீது எந்தப் படையெடுப்பு என்பதைச் சொல்லும் சிறிய உலோகப் பட்டையும் இருக்கும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள அந்த வட்டத்தின் விளிம்பு. பிரிட்டிஷ் நிர்வாகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றை அந்த விளிம்பில் பொறித்துத் தந்தது. கண்ணாடிப் பேழைக்குள் பதக்கத்தைப் படுக்க வைத்துக் காட்சிப்படுத்தும் பழக்கம், பார்வையாளர் படிக்க வேண்டிய ஒரே வரியை மறைத்துவிடுகிறது.

எல்லாப் பதக்கங்களும் இப்படிப் பெயர் சொல்வதில்லை. 1799-ஆம் ஆண்டு திப்பு சுல்தானின் தலைநகரம் வீழ்ந்ததைக் குறித்துக் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கத்தில், திப்புவின் சின்னமான புலியைப் பிரிட்டிஷ் சிங்கம் வீழ்த்துவது போன்ற உருவம் இருக்கும், பெயர் இராது. அதில் மனிதரின் தரத்தைச் சொன்னது உலோகம்தான். மேல்நிலை அதிகாரிகளுக்குத் தங்கமும், அடுத்தடுத்த படிகளில் இருந்தோருக்குப் பொன்முலாமிட்ட வெள்ளி, வெள்ளி, வெண்கலம் என்றும் இறங்கி, கோட்டைச் சுவரின் உடைப்பில் ஏறிய சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம் வந்து சேர்ந்தது. வெள்ளீயம் மென்மையானது, எளிதில் வளைந்து தேயும். தேய்ந்து உருக்குலைந்த ஒரு வெள்ளீயத் தட்டைப் ‘போலி’ என்று ஒதுக்கிவிடுவதற்கு முன், அது கடைநிலைச் சிப்பாயின் பங்காக இருக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

உலோகம் சொல்லும் இந்தச் செய்தி அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. சான்றாக, 1854-இல் நிறுவப்பட்ட இந்தியப் பொதுப்பணிப் பதக்கத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். விட்டம் 36 மில்லிமீட்டர். சிவப்பு நாடாவில் இரண்டு நீலக் கோடுகள். பின்புறத்தில் அமர்ந்திருக்கும் வீரனுக்குச் சிறகுள்ள வெற்றித்தேவதை முடிசூட்டுகிறாள். காலடியில் கீழை நாட்டைக் குறிக்கத் தாமரை. நாடாவில் ‘பர்மா 1885-7’ என்ற பட்டை இருந்தால், அது மூன்றாம் பர்மியப் போருக்கும் அதன் பின் நடந்த நெடிய அடக்குமுறைப் போர்களுக்கும் உரியது. சென்னைப் படையினர் திரளாகச் சென்ற போர் அது. இதே பதக்கம் வெள்ளிக்குப் பதில் வெண்கலத்தில் இருந்தால், பெற்றவர் துப்பாக்கி ஏந்தியவர் அல்லர். தண்ணீர் சுமந்தவர், குதிரை பார்த்தவர், சமைத்தவர், சுமை தூக்கியவர் எனப் படையின் பின்னே நடந்த பணியாளர்களுக்குத் தரப்பட்டது வெண்கலம். விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பினால், கூட்டெழுத்தில் செதுக்கிய ஒரு பெயரும், அதற்கு முன்னே ‘கூலி’ என்றோ ‘பிஸ்தி’ என்றோ, அதாவது தோல்பையில் தண்ணீர் சுமப்பவர் என்றோ ஒரு சொல்லும் இருக்கக்கூடும். சந்தையில் வெள்ளிக்கு மதிப்பு மிகுதியாக இருக்கலாம். அருங்காட்சியகத்துக்கு இந்த வெண்கலமே அரிய செல்வம்.

முகப்பிலுள்ள அரசப் பட்டங்கள் காலத்தைக் கணிக்க உதவுகின்றன என்றாலும், அவற்றை மட்டும் நம்பினால் தவறு நேரும். விக்டோரியா 1877-இல் இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட பின்னும், மேற்சொன்ன பதக்கம் பழைய அச்சிலேயே, அரசி என்ற பட்டத்துடன் மட்டுமே தொடர்ந்து அச்சடிக்கப்பட்டது. 1908-இல் வந்த அடுத்த பொதுப்பணிப் பதக்கத்தில் ‘கெய்சர்-இ-ஹிந்த்’, அதாவது இந்தியாவின் பேரரசர், என்ற பட்டம் ஏறியது. ஐந்தாம் ஜார்ஜின் ஆட்சியிலேயே அது மாற்றப்பட்டு, அதே பொருளுடைய லத்தீன் சுருக்கம் இடம்பெற்றது. விடுதலையைக் குறிக்கும் 1947-ஆம் ஆண்டுப் பதக்கமோ இரண்டு காலங்களையும் ஒரே வட்டத்தில் தாங்கி நிற்கிறது: அசோகச் சக்கரமும் உண்டு, அதற்கு மேலே ஆறாம் ஜார்ஜின் மகுடமும் உண்டு. சட்டைப் பொத்தானிலும் தொப்பிச் சின்னத்திலும் மகுடம் மறைந்து சிங்க முகங்கள் அமர்ந்தது 1950 ஜனவரி 26-க்குப் பிறகுதான்.

படைப்பிரிவின் எண்ணைப் படிப்பது இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி. மிகுந்த இன்பம் தருவதும் அதுவே. வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணங்களும் தனித்தனிப் படைகளை வைத்திருந்து, ஒவ்வொன்றும் ஒன்று முதல் எண்ணிட்டுக்கொண்டமையால், 13 என்ற எண் மட்டும் பொறித்த ஒரு பொத்தான் மூன்று இடங்களில் எதற்கும் உரியதாக இருக்கலாம். மாகாணப் படைகள் 1895-இல் ஒன்றாக்கப்பட்டன; தளபதி கிச்சனர் 1903-இல் எண்களை ஒரே வரிசையில் அடுக்கியபோது, சென்னைக் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. பழைய 13-ஆம் படை 73-ஆம் கர்நாடிக் காலாட்படை ஆயிற்று. 23-ஆம் படை 83-ஆம் வாலாஜாபாத் படை ஆயிற்று. எனவே 73 என்ற எண்ணுள்ள தோள் சின்னம் 1903-க்கும் அடுத்த சீரமைப்பு நடந்த 1922-க்கும் இடைப்பட்டது என்று துணிந்து கூறலாம். ஆனால் இங்கும் ஒரு சூழ்ச்சி காத்திருக்கிறது. தென்னாட்டவர் போர்க்குணம் குன்றியவர்கள் என்று அன்றைய ஆங்கிலத் தளபதிகள் சிலர் கட்டிய தவறான கொள்கையால், சென்னைப் படைகள் பலவற்றில் தமிழரையும் தெலுங்கரையும் நீக்கி வடநாட்டவரைச் சேர்த்தார்கள். ஆகவே ‘62-ஆம் பஞ்சாபியர்’, ‘66-ஆம் பஞ்சாபியர்’ என்று பெயர் தாங்கிய படைகளின் வேர் சென்னையில்தான் இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பஞ்சாபுக்குப் போகிறவர் பாதி வரலாற்றைத் தொலைத்துவிடுவார். எஞ்சிய சென்னைக் காலாட்படையின் முழுநேரப் பட்டாளங்களும் 1928-க்குள் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போர் நெருக்கடியில் 1941-இல்தான் மீண்டும் எழுப்பப்பட்டன. ‘தம்பிகள்’ என்று செல்லமாக அழைக்கப்படும் சென்னைச் சாப்பர்கள், அதாவது பாலமும் பாதையும் அமைக்கும் பொறியியல் படையினர், இந்த இடைவெளியிலும் கலையாமல் நின்றவர்கள்.

சீருடைக்கு விளிம்பில் பெயர் இல்லை. அதன் சாட்சியம் துணியிலும் நூலிலும் இருக்கிறது. மார்பின் இடப்புறத்தில், பைக்கு மேலே, இரண்டு வரிசை ஊசித்துளைகள் இருந்தால், அங்கே பதக்க நாடாக்கள் தைக்கப்பட்டிருந்தன என்று பொருள். நாடா ஒன்றின் அகலம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் என்பதால், துளை வரிசையின் நீளத்தை அளந்தே எத்தனை நாடாக்கள் இருந்தன என்று சொல்லிவிடலாம். தோளில் சின்னம் இருந்த இடத்துத் துணி வெயில் படாமல் பழைய நிறத்திலேயே நிற்கும். எழுத்துகள் போன பின்னும் அவற்றின் நிழல் அங்கே தங்கியிருக்கும். நாடாக்கள் எஞ்சியிருந்தால் முன்புறத்தைப் பார்ப்பதை விட, வெளிச்சம் படாத பின்புறத்தை மெல்ல உயர்த்திப் பார்ப்பது நல்லது. முதல் உலகப்போரின் வெற்றிப் பதக்க நாடா, நடுவில் சிவப்புக் கூடும் இரட்டை வானவில்லாக நெய்யப்பட்டது. அதோடு இணைந்து வரும் போர்ப் பதக்க நாடாவில் நடுவே ஆரஞ்சும் இரு பக்கமும் வெள்ளை, கறுப்பு, நீலக் கோடுகளும் இருக்கும். முன்புறத்தில் சாம்பலாகிப்போன இவ்வண்ணங்கள் பின்புறத்தில் பல வேளைகளில் உயிரோடு இருக்கின்றன. துணி எப்படிப் பதக்கத்தின் வரலாற்றையே மாற்றும் என்பதற்கு ஒரு சான்றும் உண்டு: இந்திய அதிகாரிகளுக்கென 1837-இல் நிறுவப்பட்ட ‘பிரிட்டிஷ் இந்தியா ஆர்டர்’ என்னும் விருதின் கழுத்து நாடா முதலில் வான்நீலமாக இருந்து, மறு ஆண்டே கருஞ்சிவப்பாயிற்று, தலைக்குத் தேய்த்த எண்ணெய் படிந்து நீலம் கறைபட்டதே காரணம் என்று சொல்லப்படுகிறது.

ஒரு சட்டையின் காலத்தை அதிலுள்ள மிகப் பழைய உறுப்பைக் கொண்டு தீர்மானிப்பது பொதுவாக நேரும் பிழை. பித்தளைப் பொத்தான் நெடுங்காலம் உழைக்கும். தையற்காரர் பழைய பொத்தானைப் புதிய சட்டையில் தைப்பது இயல்பு. மூலத் தையலோடு வந்த உறுப்புகளுள் எது பிந்தையதோ, அதுவே சட்டையின் காலம். புற ஊதா விளக்கின் கீழ் தையல் நூல் பளிச்சென்று நீல வெண்மையாக ஒளிர்ந்தால், 1940களுக்குப் பின் பரவிய ஒளியூட்டு வேதிப்பொருள் அதில் இருக்கிறது என்று கொள்ளலாம். அத்தகைய நூலால் தைத்த நாடா, முதல் உலகப்போர்ச் சட்டையில் பின்னாளில் சேர்ந்ததே. சென்னையில் கோடம்பாக்கத்தையும் மறந்துவிடக் கூடாது: திரைப்படங்களுக்காகத் தைத்த சீருடைகள் காலப்போக்கில் உண்மைச் சீருடைகளோடு கலந்துவிட இடமுண்டு.

இவ்வளவு சாட்சியத்தையும் ஒரே மணி நேரத்தில் அழித்துவிடக்கூடியது பாலிஷ் துணி. பித்தளையும் வெள்ளியும் பளபளக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் தேய்த்துத் தேய்த்தே எத்தனையோ விளிம்புகள் வழுவழுப்பாகிவிட்டன. வேண்டுமென்றே அழிப்பதும் உண்டு. மதிப்புமிக்க படைப்பிரிவின் பெயரை விளிம்பில் ஏற்றுவதற்காகப் பழைய பெயரை அரம் கொண்டு அராவும்போது வட்டம் சிறுக்கும். எனவே அளவுமானியை வைத்து விட்டத்தைப் பல திசைகளில் அளந்து, 36 மில்லிமீட்டருக்குக் குறைகிறதா என்று பார்ப்பது முதல் சோதனையாகும். இவற்றையும் தாண்டி, 1980-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உலகச் சந்தையில் வெள்ளி விலை திடீரென ஏறியபோது, ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் வெள்ளி கொண்ட முதல் உலகப்போர்ப் பதக்கங்கள் பெருமளவில் உருக்கப்பட்டன. இணையாக வந்த வெண்கல வெற்றிப் பதக்கம் மட்டும் தனியாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர் கிடைத்த பின் ஆவணம் தேட வேண்டும். பதக்கம் பெற்றோர் பட்டியல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகளில் உள்ளன. சென்னை மாகாண இராணுவத் துறைப் பதிவுகள் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தடையாக நிற்பது எழுத்துக்கூட்டல். காதில் விழுந்ததை எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதிய விதத்தில், ராமசாமி ஒருவரே மூன்று நான்கு உருவங்களில் வருவார், ஊர்ப்பெயர்களும் அப்படியே. இந்த இடத்தில் லண்டன் நிபுணரை விடத் தமிழ் தெரிந்த ஆய்வாளருக்கே வேலை எளிது; சிதைந்த ஆங்கிலக் கூட்டலுக்குள்ளிருந்து முனியப்பனையும் சின்னப்பனையும் அவருடைய காது கண்டுகொள்ளும். எண்ணும் துணை செய்யும் என்றாலும், அது அந்தந்தப் படைப்பிரிவுக்குள் தரப்பட்டது என்பதால், படைப்பிரிவு தெரியாத எண்ணால் பயன் குறைவு.

பெயர் பெரும்பாலும் தேய்ந்துபோன பதக்கத்துக்கும் பதிவேட்டில் நேர்மையான ஒரு வரி எழுத முடியும். ‘பழைய இராணுவப் பதக்கம், ஒன்று’ என்றிருந்த இடத்தில், ‘இந்தியப் பொதுப்பணிப் பதக்கம், 1854, வெண்கலம், பர்மா 1885-7 பட்டை, படைப் பணியாளர் ஒருவருடையது, விளிம்பில் முதலெழுத்தும் கடைசி இரண்டு எழுத்துகளும் தெரிகின்றன, நாடா பிற்காலத்தது, துடைக்கப்படவில்லை’ என்று எழுதி, அந்த மூன்று எழுத்துகளின் நிழற்படத்தையும் அருகில் ஒட்டி வைக்கலாம்.