கேட்பது யார் குரல்?

குருவாகும் ஆசை உண்மையானதா என்று சோதித்துப் பார்க்க இளைஞனுக்குப் பல ஆண்டுகள் தரப்படுகின்றன. அதில் கடினமானது, வீடு திரும்பும் முடிவு.

தெற்கு கோவாவில், ஜுவாரி ஆற்றங்கரையில், பழைய கோட்டை ஒன்று இருந்த இடத்தில் நிற்கிறது ராச்சோல் குருமடம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயேசு சபையினர் கட்டியது. தாமஸ் ஸ்டீபன்ஸ் எழுதிய கிறிஸ்த புராணம் 1616இல் அச்சேறியது இந்த ஊரில்தான். தலைமுறை தலைமுறையாக கோவாவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் இங்கே பிள்ளைகளை அனுப்பி வந்திருக்கின்றன.

அனுப்புவதில்தான் சிக்கலும் தொடங்குகிறது. மகன் பாதிரியாராவது வீட்டுக்கும் ஊருக்கும் பெருமை. 17 வயதுப் பையன் தனக்கு அழைத்தல் இருப்பதாகச் சொன்னால், அது அவன் குரலா, அம்மாவின் நேர்த்திக்கடனா, பங்குத்தந்தை மீதுள்ள பிரமிப்பா? வாழ்க்கையைச் சந்திக்கப் பயந்தவனுக்கு அங்கி ஒளிந்துகொள்ளும் இடமாகவும் ஆகிவிடலாம்.

இதைப் பிரித்தறிய திருச்சபை நாடுவது ஒரு போர்வீரரின் அனுபவத்தை. 1521இல் பாம்ப்ளோனா சண்டையில் பீரங்கிக் குண்டு தாக்கிப் படுத்த படுக்கையானார் இக்னேஷியஸ் லயோலா. படிக்கக் கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் கதைகளும். வீரதீரப் பகல்கனவுகள் அந்த நேரத்துக்கு இனித்தன. பிறகு வெறுமைதான் மிஞ்சியது. புனிதர்களைப் போல வாழும் எண்ணம் தந்த மகிழ்ச்சியோ தங்கியது. இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதே அவர் பின்னர் வகுத்த முறையின் அடிப்படை. ஒரு தியானத்தில் பொங்கும் பரவசம் போதாது. மாதக்கணக்கில் நீடிக்கும் அமைதியே அடையாளம்.

அதற்கான அவகாசமும் தாராளம். வத்திக்கான் 2016இல் வெளியிட்ட நெறிமுறைப்படி முதலில் ஓராண்டாவது ஆயத்தக் காலம். பிறகு தத்துவமும் இறையியலுமாகக் குறைந்தது ஆறு ஆண்டுகள். பொதுவாக 25 வயது நிறையாமல் குருப்பட்டம் கிடையாது. கூடவே ஓர் ஆன்ம குரு இருப்பார். பட்டம் தருவதா, வெளியே அனுப்புவதா என்று முடிவெடுக்கும்போது அவருடைய கருத்தைக் கேட்கவே கூடாது என்கிறது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. மாணவன் பயமின்றிப் பேச ஒருவராவது வேண்டும் என்பதே இதன் பொருள்.

யாரையும் கட்டாயப்படுத்திக் குருவாக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. சுய விருப்பத்தோடுதான் வருவதாக மாணவன் தன் கைப்பட எழுதித் தரவேண்டும். பட்டம் பெற்ற பின் திரும்புவது எளிதல்ல. மணம் முடிக்க விரும்பினால் போப்பின் அனுமதி தேவை. எனவே சந்தேகம் வந்தால் சொல்லவேண்டிய நேரம் அதற்கு முன்புதான்.

ஆனால் சட்டம் குருமட வாசலோடு நின்றுவிடுகிறது. பாதியில் திரும்பும் பையன் ஊர்க்காரர்கள் கண்ணில் தோற்றவன். தாய்க்குக் கோயிலில் அக்கம்பக்கத்தாரின் முகத்தில் விழிக்கத் தயக்கம். இதற்குப் பயந்தே சந்தேகத்தை விழுங்கிக்கொண்டு பட்டம் வரை போய்விடுபவன் பிறகு மனமின்றிப் பூசை வைப்பான். அதன் சுமை அவனோடு பங்கு மக்களுக்கும் சேரும்.

தேர்ந்து தெளியும் ஆண்டுகள் வீண் போவதில்லை, திரும்பி வந்தவனுக்கும்கூட. வீட்டுக் கதவு தனக்காகத் திறந்திருக்கிறது என்று தெரிந்தவன்தான் குருமடத்தில் மனதார இருக்க முடியும்.