தண்ணீர்த் தடம் – 9: மலையே போட்ட அழுக்கு

போன வாரம் ராவாங்கில் நின்றோம். 2020 செப்டம்பரில் சுங்கை கோங்கில் கலந்த கழிவால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்ற கதை அது. அங்கே நாற்றம் இருந்தது. நாற்றத்தைப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு ஒரு தொழிற்சாலை வாசல் அகப்பட்டது. இந்த வாரம் ஏறப்போகும் மலையில் அப்படிக் கைகாட்ட ஒரு வாசல் கிடையாது.

பிரிஞ்சாங், கேமரன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். அதற்கும் மேலே 2,031 மீட்டருக்கு எழுகிறது பிரிஞ்சாங் மலை. உச்சிப் பாசிக்காட்டில் மழை விட்ட பிறகும் மரம் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சரிவுகளில் ஊறும் பெர்த்தாம் ஆறு பிரிஞ்சாங், தானா ராத்தா வழியாக ரிங்லெட் ஏரிக்கு இறங்குகிறது. சுங்கை பாலாஸ் பக்கத்து நீர் வடக்கே தெலோம் ஆற்றைச் சேர்கிறது. சமவெளி ஊர்கள் மேலூர்க்காரனைத் திட்டித் தப்பித்துக்கொள்ளலாம். பிரிஞ்சாங்குக்கு அந்த வசதி இல்லை. ஆற்றில் கிடப்பதெல்லாம் இந்த மலையே போட்டதுதான்.

முதலில் மண். 1929-இல் போ தேயிலை நிறுவனம் இங்கே கால்வைத்த நாளிலிருந்து, காட்டை அழித்துத்தான் தேயிலை நடப்பட்டது. நட்ட கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகள். அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் தேயிலைச் செடிகள் வளர்ந்து ஒன்றோடொன்று நெருங்கிவிட்டால் மழைத்துளி நேராகத் தரையில் அறைவதில்லை. பல பத்தாண்டுகளுக்கு வேரும் அசைவதில்லை. காய்கறித் தோட்டத்தின் கதை வேறு. முட்டைக்கோஸ் அறுத்தவுடன் மண் திறந்து கிடக்கும், கிளறப்படும், மறுபடி நடப்படும். ஆண்டுக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற சரிவில் இது வருடத்துக்குப் பல முறை நடக்கிறது. போதாததற்கு பிளாஸ்டிக் கூடாரங்கள். கூடாரத்துக்குள் தக்காளி நனையாமல் இருக்கிறது. மண்ணில் ஊறவேண்டிய மழை பிளாஸ்டிக்கில் வழுக்கி ஒரே பாய்ச்சலாகக் கால்வாயில் விழுந்து கரையை அரிக்கிறது.

இதற்கு ரிங்லெட்டில் 1963-இல் முடிந்த சுல்தான் அபு பக்கர் அணையைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். எண்பது ஆண்டுகளுக்குத் தாங்கும் என்று போட்ட வண்டல் கணக்கை மலை எப்போதோ முறித்துவிட்டது. மின் நிறுவனம் வண்டலை வாரிக்கொண்டே இருக்கிறது. 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறு புகுந்து உயிர்கள் போன பிறகுதான் நாடே இந்த மண்ணைப் பற்றிப் பேசியது. அந்தப் பேச்சும் வெள்ளத்தோடு வடிந்தது. அதே மண் குடிநீரில் என்ன செய்கிறது என்பது பேச்சில் வரவே இல்லை.

சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வரும் நீரின் கலங்கல் 1,000 அலகுக்குள் இருக்க வேண்டும், வெளியேறும் நீரில் 5 அலகைத் தாண்டக் கூடாது என்பது மலேசியக் குடிநீர்த் தர விதி. இடையில் நடப்பது, நம் பாட்டிமார் படிகாரக் கட்டியைக் குடத்தில் சுழற்றிய அதே வேலைதான். அலுமினிய உப்பு மண்துகள்களைத் திரட்டி அடியில் தள்ளும், மேல்நீர் மணல் வழியே வடியும், பிறகு குளோரின். நல்ல மழைக்குப் பின் வரும் நீர் காப்பி நிறத்தில் இருந்தால் எவ்வளவு படிகாரம் போட்டாலும் ஈடுகொடுக்காது, நீர் எடுக்கும் வாய்க்காலை மூடுவதே வழி. குழாயில் காற்று வரும். தோட்டத்து வீடுகளில் வானம் கறுத்தாலே டிரம்மை நிரப்பி வைப்பது இதனால்தான். குழாய் வாயில் கட்டிய துணியில் படியும் செம்பழுப்பு வட்டத்தைப் பார்த்தே, மேலே எவ்வளவு பெய்தது என்று சொல்லிவிடுவார்கள்.

துணியில் தங்குவது கண்ணுக்குத் தெரிகிற மண். அந்த மண்ணைப் பற்றிக்கொண்டு வருபவை இரண்டு. ஒன்று கிருமி: துகளின் மறைவில் ஒட்டிக்கொண்டால் குளோரின் அதை முழுதாகத் தொடாது. பிரிஞ்சாங், தானா ராத்தா விடுதிகளின் கழிவு, பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் பிதுங்கும் செப்டிக் தொட்டி, பதப்படுத்தாத கோழி எரு எல்லாம் இதற்குத் தீனி. உள்ளூர் சுற்றுச்சூழல் அமைப்பான ரீச் ஆற்று நீரில் ஈ.கோலை இருப்பதை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. மற்றொன்று பூச்சிமருந்து. எண்டோசல்ஃபான் என்றால் அது தெளிக்கப்பட்டு மக்கள் நோயுற்ற கேரளத்தின் காசர்கோடு நம் நினைவுக்கு வரும். அதன் குடும்பத்து ஆர்கனோகுளோரின் எச்சங்களைக் கேமரன் மலை ஆறுகளிலும் மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இவை நீரில் எளிதில் கரையாதவை. மண்துகளைக் குதிரையாக்கிச் சவாரி செய்பவை.

சுற்றுச்சூழல் துறை ஆறுகளுக்கு மதிப்பெண் போடும் நீர்த்தரக் குறியீட்டில் ஆறு அளவைகள் உண்டு: கரைந்த ஆக்சிஜன், உயிரிவழி ஆக்சிஜன் தேவை, வேதிவழி ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் துகள், அமிலத்தன்மை. கிருமி இதில் இல்லை. பூச்சிமருந்தும் இல்லை. மலையில் ஆறு பாறையில் மோதித் துள்ளி இறங்குவதால் ஆக்சிஜனுக்குக் குறைவே கிடையாது. மதிப்பெண் தானாக ஏறிவிடும். 'சுத்தம்' என்று தாளில் பெயர் வாங்கிய ஆற்றை ஒரு குவளை அள்ளிக் குடிக்க அந்தத் தாளை எழுதியவரே துணியமாட்டார்.

தாளில் எழுதிய எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை: கனடாவின் வாக்கர்டன் சுமார் ஐயாயிரம் பேர் வாழும் ஊர். 2000 மே மாதம் அங்கே சில நாள் கனமழை. ஊர்க் கிணறு ஒன்றின் அருகே வயலில் இட்டிருந்த மாட்டெரு கரைந்து கிணற்றில் இறங்கியது. குளோரின் அளவைப் பார்க்க வேண்டியவர்கள் பாராமலே பதிவேட்டில் எண் எழுதிவந்தார்கள். 7 பேர் இறந்தார்கள். சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள். விசாரித்த நீதிபதி ஓகானர் நீர்நிலைய மேலாளரையும் அரசையும் கடிந்தார். எரு இட்ட விவசாயியைக் குற்றம் சொல்லவில்லை. அவர் முறைப்படியே விவசாயம் செய்திருந்தார். என்னை யோசிக்க வைத்த இடம் இதுதான். தவறு செய்யாத ஒருவரின் வயலிலிருந்தே சாவு புறப்பட முடிந்தது, ஏனென்றால் அந்த வயலையும் அந்தக் கிணற்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. 2006-இல் ஒன்டாரியோ மாகாணம் இதற்கென்றே சட்டம் இயற்றியது. பொதுக் குடிநீர் எடுக்கும் இடத்தைச் சுற்றி வரைபடம் போட்டு, எங்கே எரு சேர்க்கக் கூடாது, எங்கே செப்டிக் தொட்டியைச் சோதிக்க வேண்டும் என்று வகுத்தார்கள்.

கேமரன் மலையிலும் அதே பிளவுதான். நிலம் மாநில அரசின் கையில். காய்கறி விவசாயிகள் பலர் காலங்காலமாக ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில், டி.ஓ.எல். என்பார்களே அதில், பயிர் செய்தவர்கள். அடுத்த வருடம் தன்னுடையதாக இருக்குமா என்று தெரியாத நிலத்தில் கல் அடுக்கித் தடுப்புச் சுவர் யார் கட்டுவார்? வண்டல் குட்டை யார் வெட்டுவார்? சட்டவிரோதத் தோட்டங்களை இடித்த 2014 நடவடிக்கைகளைக் கைதட்டி வரவேற்றவர்கள், சட்டப்படி நடக்கும் தோட்டத்திலிருந்தும் அதே மண்தான் வழிகிறது என்பதை வசதியாக மறந்தார்கள். உரிமத்தில் கையெழுத்திடும் அதிகாரி ஒருவர், அந்தச் சரிவின் நீரை வடிகட்டும் பொறியாளர் வேறொருவர். முன்னவர் அனுமதித்ததைப் பின்னவர் படிகாரத்தால் திருத்திக்கொண்டிருக்கிறார். என் கணிப்பில் பிரிஞ்சாங் குடிநீரின் தரம் பாதிக்கு மேல் நில அலுவலகத்திலேயே முடிவாகிவிடுகிறது.

வீட்டில் என்ன செய்வது என்று வாசகர்கள் கடிதம் எழுதுகிறீர்கள். கொதிக்க வையுங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதற்காகப் பயப்பட வேண்டாம், ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் கிருமி சாகும். பூச்சிமருந்தைக் கொதிநீர் போக்கும் என்று நம்ப வேண்டாம். அதற்குக் கரிவடிகட்டிதான், அதுவும் காலத்தில் மாற்றினால்தான். வாசலில் வைக்கும் மணல் வடிகட்டி மண்ணை மட்டுமே பிடிக்கும்.

சுத்திகரிப்பு நிலையமே இல்லாமல் ஓடையிலிருந்து நேராகக் குழாய் இழுத்துக் குடிக்கும் வீடுகளும் இந்த மலையில் உண்டு. ஓடைக்கு மேலே தோட்டம் வந்துவிட்ட செமாய் பழங்குடிக் கிராமங்களுக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)