பின் சில்லு இழுபடும் கணம்: மன்னார் வீதிகளில் பிரேக்கும் கியரும்

தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கு வரும் வீதி ஏறத்தாழ 30 கிலோமீற்றர். காபெற் போடப்பட்ட, பெரும்பாலும் நேரான வீதி. பேசாலையைத் தாண்டி எக்சிலேற்றரை முறுக்கிக்கொண்டு வருபவருக்கு முன்னால் ஒரு கழுதையோ மாடோ திடீரென்று குறுக்கே வந்து நிற்கிறது. அந்தக் கணத்தில் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். வலது காலால் பிரேக்கை ஊன்றி மிதிக்கிறோம். இடது காலால் இரண்டு கியரைப் படபடவென்று குறைக்கிறோம். கிளட்சைச் சட்டென்று விடுகிறோம். பின் ரயர் கீச்சிட, வண்டியின் பின்பக்கம் பாம்பு போல நெளிகிறது.

விழாமல் தப்பியவர் வீதியில் மணல் கிடந்தது என்பார், அல்லது ரயர் தேய்ந்துவிட்டது என்பார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் நல்ல ரயரோடு, சுத்தமான வீதியில் போனாலும் இதே நெளிவு வரும். வண்டியை நிறுத்தும் வேலை முழுவதையும் நாம் பின் சில்லின் தலையில் கட்டிவிடுவதே அதற்குக் காரணம்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய எம்டி 90 களுக்கு இது பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. குண்டும் குழியுமான வீதியில் வேகம் எடுக்கவே முடியாது. போர் முடிந்த பின் நிலைமை மாறியது. 2010 இல் மன்னார்த் தீவுக்கான புதிய பாலம் திறக்கப்பட்டது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதோடு, பூநகரி ஊடாக யாழ்ப்பாணம் போகும் வழியும் கிடைத்தது. வீதிகள் திருத்தப்பட்டன. 150 சிசி வண்டிகள் வீட்டுக்கு வீடு வந்தன. வேகம் வந்த அளவுக்கு, அந்த வேகத்தை இறக்கும் பழக்கம் வரவில்லை. நமக்கு ஓடப் பழக்கியவர்கள் அப்பாவோ, அண்ணாவோ, மாமாவோதான். அவர்கள் பழகியது அந்தப் பழைய வண்டிகளில்.

பாரம் எங்கே போகிறது?

பஸ் சடுதியாக நிற்கும்போது நின்றுகொண்டு வருபவர்கள் எல்லாரும் முன்னுக்குச் சாய்வார்கள். மோட்டார் சைக்கிளிலும் அதுவே நடக்கிறது. சாதாரணமாக ஓடும்போது வண்டியினதும் ஓட்டுபவரினதும் பாரம் இரண்டு சில்லுகளிலும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி இருக்கும். உலர்ந்த தார் வீதியில் கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது ஐந்தில் நான்கு பங்கு பாரம் முன் சில்லுக்குப் போய்விடும். பின் சில்லில் மிஞ்சுவது ஒரு பங்குதான்.

ஒரு ரயர் வீதியைப் பிடிக்கும் பலம், அதன் மேல் அழுத்தும் பாரத்தைப் பொறுத்தது. ஆகவே எந்த நேரத்தில் நாம் பின் பிரேக்கை மிக ஊன்றி மிதிக்கிறோமோ, அதே நேரத்தில்தான் பின் ரயருக்குப் பிடிமானம் மிகக் குறைவாக இருக்கிறது.

எஞ்சினும் ஒரு பிரேக்தான்

இனிக் கியரின் கதை. ஒரு வண்டி ஐந்தாம் கியரில் 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றுகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வண்டிக்கு வண்டி இந்த எண் மாறும். அதே 60 இல் மூன்றாம் கியர் விழுந்தால் எஞ்சின் ஏறத்தாழ 7,500 சுற்று சுற்ற வேண்டும். இரண்டாம் கியர் என்றால் 10,000 வரை போகும்.

ஆனால் கிளட்சைப் பிடித்து எக்சிலேற்றரை விட்டதும் எஞ்சின் வேகம் தானாகவே 2,000, 1,500 என்று இறங்கிவிடுகிறது. இப்போது இரண்டு கியரைக் குறைத்துக் கிளட்சைச் சட்டென்று விட்டால், 1,500 இல் கிடக்கும் எஞ்சினை 7,500 க்கு இழுத்துத் தூக்க வேண்டும். இழுப்பது யார்? செயின் வழியாகப் பின் சில்லுதான். பாரம் இல்லாத அந்தச் சில்லால் அது முடிவதில்லை. வீதியின் வேகத்துக்கு உருள முடியாமல் அது இழுபடுகிறது, சில வேளை குதிரை போலத் துள்ளுகிறது. அதே நேரத்தில் கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டிருந்தால் ஒரே சில்லுக்கு இரண்டு தண்டனை.

பந்தயத் திடலில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓடுபவர்களுக்கு ஒவ்வொரு சுற்றிலும் இந்தச் சோதனை உண்டு. நமக்குக் கிட்டிய பெரிய பந்தயத் திடல் கடலுக்கு அந்தப் பக்கம், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. 1990 இல் திறக்கப்பட்ட அந்தத் திடலில் ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீற்றர். அதற்கு முன் சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்தது. நேர்ப்பாதையில் உச்ச வேகத்தில் வருபவர், வளைவுக்கு முன்னுள்ள சில விநாடிகளுக்குள் வேகத்தையும் கியரையும் சேர்த்தே இறக்க வேண்டும்.

அவர் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன் பிரேக்கிடம் கொடுக்கிறார். வேகம் இறங்க இறங்க, ஒவ்வொரு கியராகக் குறைக்கிறார். ஒவ்வொரு முறையும் கிளட்ச் பிடித்திருக்கும் அந்தக் கண நேரத்தில் எக்சிலேற்றரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சின் சுற்றை உயர்த்திவிட்டுக் கிளட்சை விடுகிறார். எஞ்சின் ஏற்கெனவே தேவையான வேகத்தில் சுற்றுவதால், பின் சில்லு அதை இழுத்துத் தூக்க வேண்டியதில்லை. பந்தய வண்டி இறங்கும்போது வ்ரூம், வ்ரூம் என்று கேட்கிறதே, அந்தச் சத்தம் இதுதான்.

இந்தத் தொல்லை நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் அதிகம். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் எக்சிலேற்றரை விட்டாலும் வண்டியைப் பெரிதாக இழுத்துப் பிடிக்காது. உலகத்தின் முதன்மைப் பந்தயமான மோட்டோ ஜிபி 2002 இல் 990 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு இடம் கொடுத்தபோது, பின் சில்லை அடக்குவதே பொறியியலாளர்களின் பெரிய வேலையாயிற்று. வழுக்கும் கிளட்ச் அதற்கு ஒரு தீர்வு. பின் சில்லு எஞ்சினை அளவுக்கு மிஞ்சித் தள்ளும்போது இந்தக் கிளட்ச் தானாகக் கொஞ்சம் நழுவிக் கொடுக்கும். யமஹா ஆர்15 இன் மூன்றாம் வடிவம் போன்ற சில வண்டிகளில் இப்போது இது உண்டு. நம் ஊரில் ஓடும் பழைய பல்சர்களிலும் சிடி 100 களிலும் இல்லை.

காணொளியில் பந்தயம் பார்க்கும் பொடியன், படபடவென்று கியர் குறைக்கும் இடது காலை மட்டும் பார்க்கிறான். அதற்கு முன்பே வலது கை செய்து முடித்த வேலை அவன் கண்ணில் படுவதில்லை.

முன் பிரேக் மேல் உள்ள பயம்

முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறியும் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். அந்தப் பயத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஹாண்டில் திரும்பியிருக்கும்போது, மணலில், அல்லது ஒரேயடியாக இறுக்கிப் பிடித்தால் முன் சில்லு வழுக்கி விழுத்தத்தான் செய்யும். வழி, பிடிக்கும் விதத்தில் இருக்கிறது. தேங்காய்ப்பூவைப் பிழிவது போலப் பிடிக்க வேண்டும். முதலில் மெதுவாக அழுத்த, பாரம் முன் சில்லுக்கு வந்து ரயர் வீதியில் பதியும். பதிந்த பிறகு அழுத்தத்தைக் கூட்டலாம். வண்டி நிமிர்ந்து, ஹாண்டில் நேராக இருக்க வேண்டும்.

ஒழுங்கு இதுதான்: முதலில் எக்சிலேற்றரை விடுங்கள். முன் பிரேக்கைப் படிப்படியாகப் பிழியுங்கள். கால் பிரேக் இலேசாகப் போதும். வேகம் இறங்கிய பிறகு ஒரு கியர் குறையுங்கள். கிளட்சை மெல்ல விட்டு, சில்லு அமைதியாக உருள்கிறதா என்று உணர்ந்த பிறகே அடுத்த கியர். வளைவு என்றால், சாய்வதற்கு முன் இவை எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

அவசரமாக நிறுத்த வேண்டி வந்தால் கியரை மறந்துவிடுங்கள். கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு பிரேக்கையும் பயன்படுத்துங்கள். நிறுத்துவது பிரேக்கின் வேலை. நின்ற பிறகு கியரை எடுக்கலாம்.

இரவல் வண்டியில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. சில 100 சிசி வண்டிகளில் கியர் கூட்ட ஒவ்வொரு முறையும் முன்னுக்குக் கீழே மிதிக்க வேண்டும். பல்சர் போன்றவற்றில் முதல் கியர் மட்டுமே கீழே, மற்றவை மேலே. பழைய வண்டியில் பழகிய கால், பல்சரில் கியர் கூட்டுவதாக நினைத்துக் கீழே மிதித்தால், ஓடும் வேகத்திலேயே கியர் குறைந்து பின் சில்லு இழுபடும். யாருடைய வண்டியை வாங்கி ஓடினாலும் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இழுபட்டுவிட்டால்?

கியர் குறைத்ததால் பின்பக்கம் நெளிந்தால் உடனே கிளட்சைப் பிடியுங்கள். எஞ்சினின் பிடி விடுபட்டதும் சில்லு மறுபடி உருண்டு நேராகும். கண் தூரத்தில் இருக்கட்டும். எதைப் பார்க்கிறோமோ அங்கேதான் வண்டி போகும். ஹாண்டிலை வெட்டி ஒடிக்கக் கூடாது.

கால் பிரேக்கால் சில்லு இறுகியிருந்தால், வண்டி இன்னும் நேராக இருக்கும்போதே காலைத் தளர்த்துங்கள். பின்பக்கம் ஏற்கெனவே நன்றாகப் பக்கவாட்டுக்குப் போயிருந்தால் பிரேக்கைச் சட்டென்று விட வேண்டாம். விட்டால் ரயர் திடீரென்று வீதியைப் பிடித்து ஆளை எதிர்ப்பக்கம் தூக்கி வீசும். அந்த நிலையில் இறுகிய சில்லோடேயே வண்டியை நிற்க விடுவது பாதுகாப்பானது.

மணல், சோளகம், பழைய வண்டி

மன்னாரில் சோளகக் காலத்தில் காற்று மணலை வாரி வீதியில் போடும். தள்ளாடிப் பக்கத்திலிருந்து தீவுக்கு வரும் பாலப்பாதையில் இரண்டு பக்கமும் தண்ணீர். காற்றுக்கு மறைப்பே இல்லை. பக்கக் காற்று வண்டியைத் தள்ளும்போது பின் சில்லும் இழுபட்டால் சமாளிப்பது கடினம். மணலுக்கு மேல் பிரேக்கும் வேண்டாம், கியர் குறைப்பும் வேண்டாம். மணல் கண்ணில் பட்டதுமே, அதற்கு முன்னுள்ள நல்ல வீதியில் வேகத்தை இறக்கி, ஒரே சீராக உருண்டு தாண்டுங்கள். மழைக்கும் அப்படியே: எல்லாவற்றையும் முன்கூட்டியே, மெதுவாக.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு ஐந்து ஆண்டுகளாக நம் ஊரில் பழைய வண்டிகளே கைமாறி ஓடின. பழைய வண்டியில் பின் சில்லைக் குழப்பும் இடங்கள் சில. வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, பின் சில்லைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் புஷ் அல்லது பெயரிங் தேய்ந்திருக்கும். சொக் அப்சோபரில் ஒயில் கசிந்தால் சில்லு துள்ளும். செயின் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு கியர் குறைப்பும் அடியாக விழும். ரயரில் காற்று அளவுக்கு மிஞ்சினாலும் பிடிமானம் குறையும்.

செயற்கைக் காலோடு ஓட்டுபவர்களுக்கு

போரில் காலை இழந்து, செயற்கைக் காலோடு மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் நம்மிடையே பலர். பின் பிரேக் இருப்பது வலது காலில். செயற்கைப் பாதத்துக்கு, எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்வு இல்லை. அதனால் ஒன்று சில்லை இறுக்கிவிடுவார்கள், அல்லது கால் பிரேக்கைத் தொடாமல் கியரைக் குறைத்தே வேகத்தை இறக்குவார்கள். அவர்களுக்கு முன் பிரேக்கைப் படிப்படியாகப் பிடிக்கும் பழக்கமும், கியரை ஒவ்வொன்றாகக் குறைக்கும் பழக்கமும் மற்றவர்களைவிட அவசியம். முடிந்தவர்களுக்கு ஸ்கூட்டர் நல்ல மாற்று. அதில் இரண்டு பிரேக்கும் கையில். குறைப்பதற்குக் கியரும் இல்லை.

ஒரு பிள்ளையைப் போரில் பறிகொடுத்து, மிஞ்சிய பிள்ளைக்கு லீசிங்கில் வண்டி எடுத்துக் கொடுத்த வீடுகள் நம் ஊர்களில் உண்டு. சாவியைக் கொடுக்கும் அந்தக் கிழமையில் ஒரு பின்னேரத்தை ஒதுக்குங்கள். வாகனம் வராத, மணல் இல்லாத ஒரு வெட்டையில் 30 கிலோமீற்றர் வேகத்திலிருந்து முன் பிரேக்கைப் பிழிந்து நிறுத்திப் பழகட்டும். பிறகு 40. அதன் பிறகு கியர் குறைத்துக் கிளட்சை மெல்ல விடட்டும். கை பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்யட்டும். தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டிக்கொண்டுதான்.