உங்களுக்குத் தெரியுமா? கையொப்பத்தால் நழுவிய வாய்ப்பு

கோல்ஃப் போட்டியில் ஒருவருடைய அடிகளைக் குறித்துவருபவர் உடன் ஆடுபவரே ஆயினும், ஒவ்வொரு குழிக்குமுரிய எண்ணைச் சரிபார்த்துக் கையொப்பமிடும் பொறுப்பு ஆடியவரையே சாரும். 1968-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அகஸ்டா நகரில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாளில், அதுவே தமது 45-ஆம் ஜன்ம தினமுமாக அமைய, முதற்குழியையே இரண்டடியில் முடித்து ஜனங்களைப் பரவசப்படுத்திய அர்ஜென்டினா வீரர் ராபர்ட்டோ டி விசென்சோ, 17-ஆம் குழியில் தாம் ஆடிய மூன்றடி நான்கெனப் பதிவாகியிருந்ததைக் கவனியாமல் கையொப்பமிட்டுவிட்டார். கையொப்பமிட்ட எண் ஆடியதைவிடக் குறைந்ததாயின் போட்டியிலிருந்து நீக்கம், கூடியதாயின் அதுவே நிலைக்கும் என்பது விதி. அதனால் அவருடைய அன்றைய மொத்த அடிகள் 65 என்பது 66 ஆயிற்று. சக போட்டியாளர் பாப் கோல்பியுடன் சமநிலையில் நின்று மறுநாள் மீண்டும் மோதியிருக்க வேண்டியவர், அந்த ஓரடியால் தோற்றார். பழியை எவர்மீதும் சுமத்தாமல் தம் பிழையென்றே ஏற்ற அந்த உத்தமருக்கு, அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1970-இல் பாப் ஜோன்ஸ் விருதை வழங்கியது.